நர்மதைக் கரையில் நம் பொழுதுபோக்கு

ஞாயிற்றுக்கிழமையோடு இன்னொரு விடுமுறையும் சேர்ந்து வந்துவிட்டால், புளியோதரையும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு பேடாகாட்டிற்குப் புறப்படுவது நம் காலனிக் குடும்பங்களின் வழக்கம். ஊரிலிருந்து உறவினர் வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துச் செல்கிறோம். அருவியைக் கண்டு, படகேறி, பளிங்குப் பாறைகளை வியந்து, இருட்டுமுன் வீடு திரும்புகிறோம். ஆனால் நாம் மகிழ்ந்து உலாவும் இவ்விடங்களில் யாருடைய உழைப்பும் இழப்பும் கலந்துள்ளன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோமா? இவ்வாண்டு விழா மலரில் அதைச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

ஜபல்பூருக்கு வெளியூரார் எளிதில் வந்து சேரச் செய்தது இருப்புப்பாதையே. 1867இல் அலகாபாத்திலிருந்து ஒரு பாதை இங்கு வந்தது. 1870 மார்ச்சில் பம்பாய்ப் பாதையும் இங்கே அதனுடன் இணைந்தது. 1904இல் கன் காரேஜ் தொழிற்சாலை ஏற்பட்டது. 2003இல் மேற்கு மத்திய இரயில்வேயின் தலைமையிடமாகவும் இந்நகர் ஆயிற்று. நம்மில் பலரை இவ்வூருக்குக் கொணர்ந்தவை இவையே.

அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கோண்டு அரசர்களின் ஆட்சியில் இருந்தது. மதன் மகால் குன்றின்மேல் பெரும்பாறையையே அடித்தளமாகக் கொண்டு நிற்கும் சிறு கோட்டை அவர்களுடையது. அதனருகே ஒரு பாறைமேல் மற்றொரு பாறை சிறு முனையில் தங்கி நிற்கும் விந்தையை நம் சிறுவர் நன்கறிவர். 1997 மே மாத நிலநடுக்கத்திலும் அது உருளவில்லை.

அம்மரபில் வாழ்க்கைப்பட்ட ராணி துர்க்காவதி, கணவர் தல்பத் ஷா மறைந்தபின் இளமைந்தனுக்காக அரசாண்டார். 1564இல் அக்பரின் தளபதி ஆசப்கானை எதிர்த்துப் போர்க்களத்தில் நின்றார். காயமுற்றபோது, பகைவர் கையில் சிக்க மனமின்றித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ராணிதால் அவர் வெட்டுவித்த குளம் என்றும், சேரிதால் அவருடைய பணிப்பெண்ணின் பெயரால் அமைந்தது என்றும், ஆதார்தால் அமைச்சர் ஆதாரின் பெயர் தாங்கியது என்றும் இவ்வூரார் கூறுவர். 'சேரி' என்பது இங்கே பணிப்பெண்ணைக் குறிக்கும் பழஞ்சொல். அரசியும் ஏவற்பெண்ணும் ஒருங்கே குளத்தால் நினைக்கப்படுவது எத்துணைச் சிறப்பு! குளம் வெட்டுவதைப் பேரறமாகப் போற்றும் நமக்கு இது அந்நியமான செய்தியன்று. ஆயினும் இன்று ராணிதாலில் விளையாட்டரங்கம் இருக்கிறது. சேரிதாலில் வீடுகள் நிறைந்துள்ளன. பந்தாட்டம் காணச் செல்லும் நம் பிள்ளைகள் 'தால்' என்றால் குளம் என்பதையும் மறந்து வருகின்றனர்.

பேடாகாட்டில் நர்மதை புகைபோல் திவலை எழுப்பி விழுவதால் அருவிக்குத் 'துவாந்தார்' என்று பெயர். அருகிலுள்ள குன்றின்மேல் 10ஆம் நூற்றாண்டில் காலசூரி மன்னர் காலத்தில் எழுந்த சௌஸட் யோகினி கோயில் வட்ட வடிவில் அமைந்திருக்கிறது. பெயர் 64 யோகினியரைச் சொன்னாலும் சுற்றிலும் 81 மாடங்கள் உள்ளன. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் என்று அஞ்சி நம்மிற் பலர் கீழேயே அமர்ந்துவிடுகிறோம். ஏறிச் சென்றால் நடுவேயுள்ள சன்னிதியில் நந்திமேல் அமர்ந்த அம்மையப்பரைக் காணலாம்.

போகும் வழியிலுள்ள தேவர் என்னும் சிற்றூரே காலசூரிகளின் தலைநகரான திரிபுரி. 1939 மார்ச்சில் காங்கிரஸ் மகாசபை அதன் பெயரால் கூடியது. தலைவர் சுபாஷ் சந்திர போஸ் கடுஞ்சுரத்தோடு படுக்கையிலேயே கொண்டுவரப்பட்டார். ஊர்வலத்தில் 52 யானைகள் இழுத்த தேரில் அவருடைய படமே வந்தது. நகரில் நாம் சாமான் வாங்கும் கடைத்தெருவில் நிற்கும் கமானியா வாயில் அம்மாநாட்டின் நினைவுச் சின்னமாகும்.

அண்மைக்காலத்துப் பொழுதுபோக்கிடம் பர்கி அணை. 1990இல் முடிந்த இவ்வணையின் நீர்ப்பரப்பில் படகேறிச் சென்றால் கடலோ என்று தோன்றும். 1858இல் ஆங்கிலேயரை எதிர்த்து உயிர்நீத்த ராணி அவந்திபாயின் பெயர் அதற்கு இடப்பட்டுள்ளது. ஆனால் மண்டலா, சிவனி, ஜபல்பூர் மாவட்டங்களில் 162 கிராமங்கள் இத்தேக்கத்தால் பாதிக்கப்பட்டன. ஊரை இழந்தவருள் துர்க்காவதி ஆண்ட கோண்டு மக்கள் பலர். நாம் பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தோம். நினைத்தால் விடுப்பெடுத்துச் சென்று குலதெய்வத்தைக் கும்பிட்டு வருகிறோம். அவர்களுக்கோ திரும்பிச் செல்ல ஊரில்லை. அந்நீரில் படகு விடும்போது ஒரு கணமேனும் அவர்களை நினைப்பது நம் கடன்.

சென்ற ஆண்டு குவாரிகாட் படித்துறையில் நாம் கூடியுண்டதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உண்டெழுந்தபின் இலைகளும் பிளாஸ்டிக் குவளைகளும் படிகளிலேயே கிடந்தன. பரிக்கிரமா செல்லும் முதியவர் ஒருவர் தம் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாகக் குவித்தார். 1,312 கிலோமீட்டர் நீளமுள்ள நர்மதையை இருகரையும் கால்நடையாக வலம் வருபவர் அவர். நம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆற்றைத் தொழுது நடந்துவிட்டார். நாம் தலைகுனிந்து நின்றோம்.

ஆகவே இவ்வாண்டு உல்லாசப் பயணத்தில் இரண்டு காரியங்கள் செய்வோம். போகும் வழியில் தேவரில் வண்டியை நிறுத்திப் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்வோம். திரும்பும்போது நாம் கொண்டுசென்ற குப்பையை நாமே சுமந்து வருவோம். காவிரியையும் பொருநையையும் தாயென்று போற்றும் நாம், நமக்குச் சோறும் நீரும் அளிக்கும் இத்தாயை மாற்றாந்தாயாக எண்ணலாகாது.

வாழ்க நர்மதை! வளர்க நம் சங்கம்!