கனமும் பொள்ளலும்

திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள ஒரு கல்வெட்டு, முதலாம் இராசராச சோழனின் தாயான வானவன் மாதேவி மலையமான் குடியில் பிறந்தவர் என்ற செய்தியைத் தருகிறது. எங்கள் ஊர்ப் பெண்ணின் மகன் தஞ்சையில் எடுப்பித்த பெரிய கோயிலில் வேறொரு வகைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அக்கோயிலுக்கு வழங்கப்பட்ட செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றும் எத்தனை முழம், எத்தனை விரல், எத்தனை தோரை உயரம், எத்தனை கைகள் உடையது என்று அவை கணக்காகக் கூறுகின்றன. அவற்றில் அடிக்கடி வரும் சொல் ‘கனமாக’ என்பது. உள்ளே வெற்றிடமின்றி முழு உலோகமாக வார்க்கப்பட்டது என்று பொருள்.

இனி வேறொரு செய்தி. 1942 ஆகஸ்டு 11 அன்று பாட்னாவில் தேசியக் கொடியை ஏற்றச் சென்று குண்டடிபட்டு இறந்த ஏழு மாணவர்களுக்கு அந்நகரில் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. ஆளுயரத்தையும் விஞ்சிய ஏழு வெண்கல உருவங்கள். அவற்றை உருவாக்கியவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவ்வுருவங்கள் வார்க்கப்பட்டதோ இத்தாலியில்! நடராசரை வார்த்த நாடு, தன் மாணவர்களின் உருவங்களை வார்க்க ஏன் கடல் கடந்து செல்ல வேண்டும்? நம் கம்மியரின் திறமை குறைந்துவிட்டது என்று பலர் எளிதாக விடை கூறிவிடுகின்றனர். அது நியாயமன்று. சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

ஒரு மனித உடலின் பருமன் ஏறத்தாழ 65 லிட்டர். வெண்கலத்தின் அடர்த்தி நீரைப் போல 8.7 மடங்கு. ஆகவே 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதனைக் கனமாக வார்த்தால் 565 கிலோகிராம் ஆகும். உயரத்தை இரு மடங்காக்கினால் எடை இரு மடங்காவதில்லை. 2×2×2, அதாவது எட்டு மடங்காகிறது. நாலரை டன்! இதையே உள்ளே பொள்ளலாக வார்ப்போம். மனித உடலின் மேற்பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர். 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வெண்கல ஓடாக வார்த்தால் ஆளுயரச் சிலைக்கு 80 கிலோ போதும். இரு மடங்கு உயரத்துக்கு ஓட்டின் தடிப்பை 8 மில்லிமீட்டராகக் கூட்டினாலும் 500 கிலோதான் வரும்.

எடை மட்டுமன்று. உருகிய வெண்கலம் உறைந்து குளிரும்போது நீளத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு சுருங்குகிறது. மெல்லிய விரல் முதலில் குளிர்ந்துவிடும். பருத்த வயிறு கடைசியில் குளிரும். கனமான பகுதியின் நடுவில் உலோகம் இறுதியாக உறையும்போது, ஈடு செய்ய உலோகம் போதாமல் குழிகளும் வெடிப்புகளும் தோன்றுகின்றன. மூன்றடித் திருமேனியில் நம் கம்மியர் இதைத் திறமையாகச் சமாளித்தனர். கோனேரிராசபுரம் நடராசர் போன்ற பேருருவங்கள் அரிதாகவே உள்ளன. மேலும், திருவிழாவில் தோளில் சுமந்து செல்லும் உற்சவ மூர்த்தி பத்தடி உயரம் இருந்து யாருக்குப் பயன்?

பொள்ளல் வார்ப்பு இந்தியாவுக்குத் தெரியாததன்று. பீகாரில் சுல்தான்கஞ்சு என்னும் ஊரில் 1861-இல் புகைவண்டிப் பாதை வேலையின்போது கிடைத்த செப்புப் புத்தர் 2.3 மீட்டர் உயரமுடையவர். கனமாக வார்த்திருந்தால் ஒன்றரை டன் அளவில் இருந்திருப்பார்; உண்மை எடை அதில் மூன்றில் ஒரு பங்குதான். உள்ளே களிமண் கரு வைத்து வார்த்த உருவம் அது. இப்போது இங்கிலாந்தில் பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் நிற்கிறார். நுட்பம் தெரிந்திருந்தும் தமிழகம் கனத்தையே தேர்ந்தது, கோயிலின் தேவை அதுவாக இருந்ததால்.

தேவை மாறும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. சுவாமிமலைச் சிற்பி வேலையைத் தொடங்கும்போது ஒரு தென்னை ஓலைத் துண்டை எடுத்து, சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாள அளவின்படி மடித்துக் கொள்கிறார். இதற்கு ஒடியோலை என்று பெயர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, தொடை இவ்வளவு என்பதெல்லாம் அம்மடிப்புகளிலேயே அடங்கிவிடுகின்றன. பிறகு மெழுகில் உருவம். அதன்மேல் காவிரி வண்டல். மெழுகை உருக்கி வெளியேற்றி அவ்விடத்தில் உலோகம். தாளில் வரைந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சிவனுக்கும் உமைக்கும் அளவு உண்டு, நிலை உண்டு. ஆனால் கல் உடைக்கும் தொழிலாளிக்கு எந்த நூலில் தாளம் இருக்கிறது? அவன் எப்படிச் சாய்வான், எந்தக் காலை ஊன்றுவான் என்பதைச் சிற்பி கோடு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வகைக் கோடுகளில் உலகப் புகழ் பெற்றவை லியோனார்டோ டா வின்சி வரைந்தவை. மிலான் நகரக் கோமகன் தன் தந்தைக்கு ஒரு மாபெரும் குதிரைச் சிலை எழுப்ப விரும்பினார். லியோனார்டோ முதலில் வரைந்த குதிரை பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. அப்படி நின்றால் அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து வரும் செங்குத்துக்கோடு குளம்புகளுக்கு வெளியே விழும். பல டன் வெண்கலத்தை இரு மெல்லிய கால்கள் தாங்கா. எனவே முன்னங்கால்களின் கீழே விழுந்து கிடக்கும் பகைவன் ஒருவனை வரைந்து முட்டுக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் அந்த எண்ணத்தையே கைவிட்டு நடக்கும் குதிரையை வரைந்தார். ஏழு மீட்டர் உயரக் களிமண் மாதிரி 1493-இல் மக்களுக்குக் காட்டப்பட்டது. மறு ஆண்டே சிலைக்கான வெண்கலம் பீரங்கி செய்யப் போய்விட்டது. 1499-இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்லாளர்கள் களிமண் குதிரையை இலக்காக வைத்து எய்து பாழாக்கினர். எஞ்சியவை தாள்கள்தாம். வார்ப்பு முறையை விளக்கும் குறிப்பேடு 1960-களில்தான் மாட்ரிட் தேசிய நூலகத்தில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

சென்னைக்கு வருவோம். தீவுத்திடலை ஒட்டிக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவின் வெண்கலச் சிலை 1839-இல் நிறுவப்பட்டது. மன்றோ 1827-இல் காலராவால் இறந்துவிட்டார். சிலையைச் செய்தவர் இலண்டன் சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. அவருடைய மாதிரி ஓவியங்கள் இயற்பியல் மாணவருக்குச் சுவையூட்டுவன. உல்லாஸ்டன் 1806-இல் உரிமம் பெற்ற ‘காமிரா லூசிடா’ என்ற கருவியை அவர் பயன்படுத்தினார். நான்கு பக்கங்களுடைய ஒரு சிறு கண்ணாடிப் பட்டகம்; அதற்குள் ஒளி இருமுறை முழு அகப் பிரதிபலிப்பு அடைகிறது. பட்டகத்தின் விளிம்பில் கண்ணை வைத்தால் எதிரே அமர்ந்திருப்பவரின் உருவமும் கீழே உள்ள தாளும் ஒருங்கே தெரியும். பென்சிலால் தொடர்ந்து கோடிழுத்தால் போதும். எதிர்முகம் ஒன்று, பக்கமுகம் ஒன்று என்று வரைந்து கொண்டு, அவற்றிலிருந்து சான்ட்ரி களிமண் தலையை உருவாக்குவார்.

மன்றோவின் சிலையில் அங்கவடி இல்லை. சிற்பி அதை மறந்துவிட்டார் என்று சென்னையில் ஒரு கதை நெடுங்காலமாக வழங்குகிறது. தலையின் வளைவைப் பட்டகம் வைத்து அளந்த மனிதர் அங்கவடியை மறப்பாரா? இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் மன்னர் சிலையிலும் அங்கவடி இல்லை; 1844-இல் திறக்கப்பட்ட வெல்லிங்டன் பிரபு சிலையிலும் இல்லை. ஒருவர் மூன்று முறை அதே பொருளை மறக்க மாட்டார். ரோமாபுரியில் உள்ள மார்க்கஸ் அரேலியஸ் பேரரசரின் பழைய வெண்கலச் சிலையிலும் அங்கவடி கிடையாது. ரோமானியருக்கு அது தெரியாத பொருள். அந்தப் பழம்பெரும் தோற்றத்தைச் சான்ட்ரி வேண்டுமென்றே பின்பற்றினார் என்றே தோன்றுகிறது.

மன்றோவுக்குப் பின் நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1959 சனவரி 25 அன்று, மெரினாவில் உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. 1923-இல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். சிலையைப் படைத்தவர் அதே ராய் சௌத்ரி. இன்றைய வங்காள தேசத்தின் ரங்கபூர்ப் பகுதியில் 1899-இல் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்றவர். 1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைக்கு வந்தவர். மல்யுத்தத்திலும் ஈடுபாடு கொண்டவர். உடலின் தசை எங்கே திரளும், எங்கே தளரும் என்பது அவருக்கு ஏட்டறிவு அன்று. இச்சிலைக்குக் கல்லூரியின் இரவுக் காவலரும் ஒரு மாணவரும் மாதிரியாக நின்றனர் என்று கூறுவர்.

நால்வர் ஒரு பாறையை நகர்த்துகின்றனர். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அவர்களின் சாய்வைக் கவனியுங்கள். தனியே நிற்கும் ஒருவன் அவ்வாறு சாய்ந்தால் குப்புற விழுவான். அவன் ஈர்ப்பு மையம் பாதங்களைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. பாறை அவனைத் திருப்பித் தள்ளும் எதிர்விசைதான் விழாமல் காக்கிறது. சாய்வு எவ்வளவு அதிகமோ, விசையும் அவ்வளவு அதிகம். ஆகவே பாறையின் எடையை நமக்குச் சொல்வது பாறையன்று, மனிதர்களின் கோணம்! சாய்வு சற்றுக் குறைந்தால் பாறை பஞ்சுப் பொதியாகிவிடும். சற்று மிகுந்தால் உழைப்பவன் வழுக்கி விழுபவனாகத் தோன்றுவான். உலோகத்தை ஊற்றிய பிறகு இக்கோணத்தைத் திருத்த வழியில்லை. அது வரைகோட்டிலும் சிறு களிமண் மாதிரியிலுமே தீர வேண்டிய வழக்கு. உண்மையில் வெண்கல மனிதன் எதையும் தள்ளவில்லை. அவனும் பாறையும் ஒரே பீடத்தில் பிணைந்த ஒரே பொருள். லியோனார்டோவுக்குப் பகைவன் தந்த முட்டை இங்கே பாறை தருகிறது. கதைக்குத் தேவையான பொருளே கட்டுமானத்துக்கும் தேவையானதாக அமைந்துவிட்டது. மெரினாவில் உள்ள சிலைகளில் இதற்கு நிகரானதை நான் கண்டதில்லை.

திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளும் ஒரு காலை ஊன்றி மறு காலை விண்ணோக்கி நீட்டியவர். அவ்வுருவம் மரத்தாலானது என்பது மரபு. மரத்தின் அடர்த்தி வெண்கலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீட்டிய கால் இடுப்பில் உண்டாக்கும் திருப்புவிசையும் அதே அளவில் குறைகிறது.

பொள்ளல் சிலைக்கு ஒரு குறை உண்டு. மழைநீர் உள்ளே தேங்கினால், ஓட்டைத் தாங்கும் இரும்புச் சட்டமும் வெண்கலமும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிடும், அரிக்கப்படுவது இரும்பு. கடற்கரையின் உப்புக் காற்றில் இது மேலும் விரைவாகும். இதற்காகத்தான் இத்தகைய சிலைகளின் அடியில், பாதத்தருகே, நீர் வடியச் சிறு துளைகள் விடுகின்றனர்.