கயிற்றில் முடிச்சு கிடையாது

மல்லகம்பம் என்றால் நட்டு வைத்த மரக்கம்பம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். தொங்கும் கயிற்றிலும் அது உண்டு. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் பயிற்சியாளர் பாலம்பட்ட தாதா தேவ்தர்தான் மராத்திய நாட்டில் இந்தக் கலைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் என்பார்கள். முதலில் தொங்கியது பிரம்பு. நல்ல பிரம்பு கிடைப்பது அரிதானதும் அந்த இடத்துக்குப் பருத்திக் கயிறு வந்தது.

வெறும் கயிறுதான், சுமார் 5.5 மீட்டர். முடிச்சு போடக் கூடாது. இன்றைய ஏரியல் ஸ்லிங்கில் கால் வைக்க ஒரு துணி வளையமாவது இருக்கும், இதில் அதுவும் இல்லை. அதனால் புதிதாக வரும் பிள்ளை கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றைக் கவ்வப் பழக வேண்டும். வலிக்கும், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஏறுவது ஒரு பாடம், ஆசனம் வேறு பாடம் என்று இங்கே பிரிக்க முடியாது. ஏறிய பிறகு தொடையிலோ இடுப்பிலோ கயிற்றை எப்படிச் சுற்றிக்கொண்டோமோ, அந்தச் சுற்றுதான் அடுத்த நிலையைத் தாங்கப்போகிறது. அது சரியாக விழாவிட்டால் கையை விட முடியாது.

ஸ்டேட் டயக்ராம் வரையும்போது நாங்கள் பெட்டிகளை முதலில் போடுவோம், அம்புக்குறிகள் அப்புறம்தான். மல்லகம்பத்தைப் படம் எடுப்பவர்களும் அப்படித்தான் போல. 2019-ல் மும்பை சிவாஜி பார்க்கில் முதல் உலகப் போட்டி நடந்தது. நான் பார்த்த படங்களில் எல்லாம் கைகளை விரித்து முடித்த நிலைகள். அந்தப் பெண் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்பது ஒன்றிலும் இல்லை.