கித்தார்க் கழுத்தும் கடன்பெற்ற பூச்சுகளும்

மேலை இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் தந்தியையும் மரத்தையும் விரிவாகப் பேசுவர். மரத்தின் மேல் ஏறும் பூச்சைப் பேசுவோர் சிலரே. பேஸ் கித்தாரின் கழுத்து, நம் வீணையில் தண்டி எனப்படும் பகுதியை ஒத்தது. வாசிப்பவரின் இடக்கை அதன் மேல் ஓயாது ஊர்ந்துகொண்டே இருக்கும். பூச்சற்ற மேப்பிள் மரம் வியர்வையை உறிஞ்சிக் கறுக்கும். காற்றின் ஈரத்துக்கேற்பப் பெருத்தும் சுருங்கியும் வளைய முற்படும். ஆதலின் வெற்றுக் கழுத்துக்கு எந்த எண்ணெய் ஏற்றது என்னும் வினா சிறிய வினா அன்று. விடை காண வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம்.

1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டரின் தொழிற்கூடம் 'பிரிசிஷன் பேஸ்' கருவியை வெளியிட்டது. அதன் மேப்பிள் கழுத்துக்குப் பூசப்பட்டது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1920களில் டியூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்ற பெயரில் மோட்டார் வண்டிகளுக்குக் கொண்டுவந்த பூச்சின் இனம் அது. விரல் படும் இடங்களில் அப்பூச்சு தேய, மரம் அழுக்கேறித் தோன்றியது. 1959இல் ஃபெண்டர் விரல்பலகைக்குக் கருமை சார்ந்த ரோஸ்வுட் மரத்தை மேற்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர்.

எண்ணெய் வந்த வழி வேறு. ஆங்கிலேயப் படைவீரர் தம் லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்தனர். மழையும் வியர்வையும் படும் மரம், கையில் வழுக்காமலும் ஒட்டாமலும் இருக்க வேண்டிய மரம்: கித்தார்க் கழுத்தின் தேவையும் அதுவே அன்றோ! லியோ ஃபெண்டர் பின்னாளில் பங்குகொண்ட மியூசிக் மேன் நிறுவனத்தை 1984இல் எர்னி பால் வாங்கினார். அந்நிறுவனத்தின் கழுத்துகள் பல, துப்பாக்கிக் கட்டைக்குரிய எண்ணெயும் மெழுகும் கொண்டே மெருகேற்றப்பட்டன. ஜாகோ பாஸ்டோரியஸோ 1962ஆம் ஆண்டின் ஜாஸ் பேஸ் கருவியில் மெட்டுக் கம்பிகள் நீங்கிய விரல்பலகைக்குப் படகுகளுக்குரிய எபாக்சியைப் பூசினார். ஆக, வண்டியிடமும் துப்பாக்கியிடமும் படகிடமும் கடன்பெற்றதே கித்தாரின் பூச்சு வரலாறு எனலாம்.

இனித் தேர்வுக்கு வருவோம். எள்+நெய் என்பதே எண்ணெய் ஆயிற்று என்பதை நாம் அறிவோம். ஆயினும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ இங்குப் பயன்படா. அவை உலர்ந்து இறுகிப் படலம் ஆகா, பிசுபிசுப்பே மிஞ்சும். ஆளிவிதை எண்ணெயும் சீனத்து டங் எண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுபவை. பச்சை ஆளிவிதை எண்ணெய் உலர நாட்பல ஆகும், காலப்போக்கில் மஞ்சளிக்கும். 'கொதித்த எண்ணெய்' என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் விரைவில் உலர்த்தும் உலோக உப்புகள் சேர்ந்திருக்கும். சீனர் படகுப் பலகைக்கும் காகிதக் குடைக்கும் பயன்படுத்திய டங் எண்ணெய் நீரை நன்கு தடுக்கும், மஞ்சளிப்பதும் குறைவு. பொறுமை மட்டும் வேண்டும். சூடேற்றிச் செறிவாக்கிய ஆளிவிதை எண்ணெய், துப்பாக்கிக் கட்டைக்கென விற்கப்படுவது, விரைவில் இறுகி மெல்லிய படலம் தரும்.

மேப்பிள் கழுத்துக்கு இம்மூன்றாவதையே நாம் பரிந்துரைப்போம். நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, துளியளவே தடவி, மிகுந்ததை உடனே துடைத்து, ஒவ்வொரு பூச்சும் முழுதும் உலர்ந்தபின் அடுத்ததைத் தொடங்குக. முடிவில் மெழுகு. லாக்கரைப் போல இது நெடுங்காலம் காக்காது. தேயும்போது மீண்டும் பூச வேண்டும். ஆனால் அப்படிப் பூசுவதற்குப் பழையதைச் சுரண்ட வேண்டியதில்லை என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. உலரும் எண்ணெய் வெப்பத்தை வெளிவிடும். துடைத்த துணியைக் கசக்கிக் குவித்தால் அவ்வெப்பம் உள்ளே தேங்கித் தானே தீப்பற்றும். 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளிலிருந்து தொடங்கிய தீயில் தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். ஆகவே எண்ணெய்த் துணியை விரித்து, வெளியில் தனியே உலரவிடுங்கள். அல்லது நீரில் நனைத்து, மூடியுள்ள உலோகக் கலத்தில் இடுங்கள். கழுத்துக்குத் தரும் கவனத்தில் ஒரு பங்கை அத்துணிக்கும் தருதல் வேண்டும்.