தங்கத் துகளும் டி.என்.ஏ.வும்

தங்க நானோதுகள்களை டி.என்.ஏ. இழைகளின் துணையோடு வேண்டிய வடிவத்தில் வளர்க்கும் முறை 21ஆம் நூற்றாண்டில் உருவானது. நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சில பத்து நானோமீட்டராகச் சிறுத்த தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. உருண்டைத் துகள்கள் கலந்த நீர் மாணிக்கச் சிவப்பு. துகள் தட்டையானால் நிறம் நீலத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கும் நகரும். வடிவத்துக்கு மவுசு வந்தது அதனால்தான்.

மைக்கேல் ஃபாரடே லண்டனில் இந்தச் சிவப்பை ஆராய்ந்து எழுதியது 1857இல். தங்கத்தைப் பாறையிலிருந்து தோண்டியெடுக்க, கோலார் தங்கவயலுக்குப் பிரிட்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது 1880இல். தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பாறையை உடைத்தார்கள். பொடித்த பாறையிலிருந்து சயனைடு கரைசல் தங்கத்தைப் பிரித்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. 800 டன் தங்கம் வெளியே போயிருந்தது. ஊருக்கு மிஞ்சியவை சயனைடு மண்மேடுகள்.

ஆய்வுக்கூடங்களுக்கு மில்லிகிராம் தங்கமே தாராளம். 1951இல் அமெரிக்க வேதியியலாளர் துர்கெவிச்சின் குழு கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சிட்ரேட் சேர்த்து உருண்டைத் துகள் செய்தது. 1996இல் அமெரிக்காவிலேயே மிர்கின் குழுவும் அலிவிசாடோஸ் குழுவும் தனித்தனியே டி.என்.ஏ.வால் துகள்களைக் கோத்தன. அப்போது அது நூல் மட்டுமே, அச்சு அல்ல.

இந்தியாவில் வடிவ ஆய்வுக்குப் பெயர் வாங்கித் தந்தது எலுமிச்சம்புல். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழு 2004இல் அதன் சாற்றைத் தங்க உப்போடு கலந்து முக்கோணத் தகடுகளை விளைவித்தது. தங்கவயலிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் உள்ள பெங்களூருவில், தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் யமுனா கிருஷ்ணன் குழு 2009இல் இருபது முக டி.என்.ஏ. கூட்டுக்குள் தங்கத் துகள்களை அடைத்துக் காட்டியது. துகளின் வடிவம் அதில் மாறவில்லை.

மாற்றியது 2012இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் யி லூ குழு. டி.என்.ஏ.வின் ஏ, டி, சி, ஜி என்ற நான்கு எழுத்துகளில் ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் குட்டை இழைகளைத் தங்க விதைத் துகள்மேல் ஒட்டவிட்டு, பிறகு தங்க உப்பு ஊட்டினார்கள். ஏ சொரசொரப்பான உருண்டை தந்தது, டி நட்சத்திரம், சி வட்டத் தட்டு, ஜி அறுகோணம். ஒவ்வோர் எழுத்தும் தங்கத்தைப் பற்றும் வலு வேறு என்பதால் தங்கம் படியும் இடமும் மாறுகிறது. இரண்டே ஆண்டில், 2014இல், ஹார்வர்டின் பெங் யின் குழு டி.என்.ஏ.வாலேயே உள்ளீடற்ற அச்சு கட்டி உலோகத்தை அதற்குள் வளர்த்தது.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோதுகள்தான்; அந்த உருண்டைகளைச் செய்ய டி.என்.ஏ. தேவையில்லை, சிட்ரேட் போதும்.