டென்னிஸ் செவர்ஸ் இல்லம்

டென்னிஸ் செவர்ஸ் இல்லம் என்பது இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்னும் இடத்தில், போல்கேட் தெருவின் 18 ஆம் எண்ணில் அமைந்துள்ள ஒரு பழைய வீடு ஆகும். ஏறத்தாழ 1724 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இவ்வீட்டை, டென்னிஸ் செவர்ஸ் (1948–1999) என்னும் அமெரிக்கர் 1979 இல் வாங்கினார். 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் ஒரு குடும்பம் அன்றாடம் வாழ்ந்த விதத்தை அதன் பத்து அறைகளிலும் அவர் மீளுருவாக்கினார். இது அரசோ பல்கலைக்கழகமோ மேற்கொண்ட திட்டமன்று. தனி மனிதர் ஒருவர் தம் சொந்த வீட்டில், தாமே குடியிருந்துகொண்டு, இருபது ஆண்டுகள் செய்த வேலை. இங்கு கண்ணாடிப் பெட்டிகள் இல்லை. பொருட்களுக்குப் பெயர்ச் சீட்டுகளும் இல்லை. வீட்டார் ஒரு நொடிக்கு முன்புதான் அறையை விட்டு வெளியேறினர் என்று தோன்றும்படி ஒவ்வோர் அறையும் அமைக்கப்பட்டுள்ளது.

பின்னணி

ஸ்பிட்டல்பீல்ட்ஸ் என்னும் பெயர், 1197 இல் அங்கு நிறுவப்பட்ட புனித மரியாள் மடத்து மருத்துவமனையிலிருந்து வந்தது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, 1685 இல் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டுரிமையை நீக்கினார். இதனால் இயூகனோ எனப்படும் அம்மக்கள் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறினர். இங்கிலாந்துக்கு வந்தவர்களுள் பட்டு நெசவாளர் பலர் ஸ்பிட்டல்பீல்ட்சில் குடியேறினர். 18 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு நெய்யப்பட்ட பூவேலைப் பட்டு உயர்குடியினரின் விருப்பத்துக்குரியதாக இருந்தது. அன்னா மரியா கார்த்வைட் என்னும் புகழ்பெற்ற பட்டு வடிவமைப்பாளரும் 1763 இல் இறக்கும் வரை இப்பகுதியிலேயே வாழ்ந்தார். போல்கேட் தெரு வீடு கட்டப்பட்டபோது, அருகே நிக்கோலசு ஆக்சுமூர் வடிவமைத்த கிறித்துத் தேவாலயத்தின் கட்டுமானம் (1714–1729) நடந்துகொண்டிருந்தது.

இந்நெசவாளர்களின் வரலாறு சோழமண்டலக் கரையுடனும் தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பனி இக்கரையிலிருந்து ஏற்றிச் சென்ற சீட்டித் துணி, விலை குறைவாகவும் துவைத்தாலும் சாயம் போகாததாகவும் இருந்தமையால் இங்கிலாந்தில் பெரிதும் விற்பனையானது. தங்கள் பிழைப்புக் கெடுவதாகக் கருதிய இலண்டன் நெசவாளர்கள் 1697 இல் கம்பனியின் தலைமையகத்தைத் தாக்கினர். சாயமிட்ட, அச்சிட்ட இந்தியத் துணிகளை உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு இறக்குமதி செய்வதை 1700 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆயினும் வெள்ளைத் துணியை இறக்கி இலண்டனிலேயே அச்சிடும் வழக்கம் பரவியது. 1719 இல் மீண்டும் கலகம் மூண்டது; சீட்டி உடுத்திய பெண்கள் தெருவிலேயே தாக்கப்பட்டு, அவர்களின் ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1721 ஆம் ஆண்டுச் சட்டம் அத்துணியை அணிவதையே தடை செய்தது. அச்சட்டம் 1722 இன் இறுதியில் நடைமுறைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகுமுன் எழுந்ததே போல்கேட் தெரு வீடு. தடைக்குப் பின்னரும் பிற நாடுகளுக்கு மறு ஏற்றுமதி செய்வதற்காகக் கம்பனி இக்கரையில் துணி வாங்கிக்கொண்டே இருந்தது. சென்னையில் நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்காக 1734 இல் உருவாக்கப்பட்ட சிந்தாதிரிப்பேட்டையும் ஏறக்குறைய இவ்வீட்டின் வயதுடையதே.

ஸ்பிட்டல்பீல்ட்சின் செழிப்பு நீடிக்கவில்லை. நெசவாளரின் கூலியை முறைப்படுத்தி வந்த சட்டங்கள் 1824 இல் நீக்கப்பட்டன. 1860 ஆம் ஆண்டு வணிக உடன்பாட்டினால் பிரெஞ்சுப் பட்டு தீர்வையின்றி உள்ளே வந்தது. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும் நிலை ஏற்பட்டது. பின்னர் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும், அவர்களை அடுத்து வங்காளதேச மக்களும் இப்பகுதியில் குடியேறினர். அருகிலுள்ள பிரிக் லேனில் 1743 இல் கட்டப்பட்ட இயூகனோ தேவாலயம், மெதடிசுத்தத் தேவாலயமாகவும், 1898 முதல் யூதத் தொழுகைக் கூடமாகவும் விளங்கி, 1976 இல் பள்ளிவாசல் ஆனது.

1970களில் ஸ்பிட்டல்பீல்ட்சின் பழைய வீடுகள் பல இடிக்கப்படும் நிலையில் இருந்தன. 1977 இல் கட்டடக்கலை வரலாற்றாளர்களும் ஆர்வலர்களும் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினர். எல்டர் தெருவில் இடிப்புக்குக் குறிக்கப்பட்ட வீடுகளில் அவர்களே புகுந்து தங்கி இடிப்பைத் தடுத்தனர். பழைய வீடுகளை வாங்கி, பழுதுபார்த்துக் குடியிருக்க முன்வருவோருக்கு விற்பது அறக்கட்டளையின் முறையாக இருந்தது. 18 ஆம் எண் வீடு செவர்சின் கைக்கு வந்ததும் அவ்வாறே.

டென்னிஸ் செவர்ஸ்

செவர்ஸ் கலிபோர்னியா மாநிலத்தின் எசுகொண்டிடோ நகரில் பிறந்தார். சிறு வயதில் தொலைக்காட்சியில் பார்த்த பழைய ஆங்கிலத் திரைப்படங்களே தம்மை இங்கிலாந்துக்கு ஈர்த்தன என்று கூறியுள்ளார். 1960களின் இறுதியில் இலண்டனுக்கு வந்து, குதிரை வண்டியில் பயணிகளை ஏற்றி நகரைச் சுற்றிக் காட்டும் தொழிலைச் செய்தார். அவர் முறையாக வரலாறு கற்றவர் அல்லர். அருங்காட்சியகத் துறையில் பயிற்சி பெற்றவரும் அல்லர். இவ்வில்லத்தின் சிறப்புகளுக்கும் குறைகளுக்கும் இதுவே காரணம் எனலாம்.

உருவாக்கிய முறை

வீட்டை வாங்கியவுடன் செவர்ஸ் அதை அலங்கரிக்கத் தொடங்கவில்லை. ஒரு மெழுகுவர்த்தி, ஒரு சுருட்டுப் படுக்கை, இரவில் பயன்படுத்தும் ஒரு சிறுநீர்க் கலம் ஆகியவற்றுடன் பத்து அறைகளிலும் மாறி மாறித் தூங்கினார். ஒவ்வோர் அறையின் இயல்பையும் உணர்வதே இதன் நோக்கம் என்றார். இது விசித்திரமாகத் தோன்றினாலும் பயனற்றதன்று. காலை வெயில் எந்தச் சாளரம் வழியாக விழுகிறது, மாடிப்படி எங்கு ஓசை எழுப்புகிறது, எந்த அறையில் குளிர் தங்குகிறது என்பன போன்றவற்றை வரைபடத்திலிருந்து அறிய முடியாது.

பின்னர் பழைய பொருட்களைச் சந்தைகளிலும் ஏலங்களிலும் சேகரித்தார். கிடைக்காதவற்றைத் தாமே செய்தார். வரவேற்பறைக் கணப்புக்கு மேலே மரச்சிற்பம் போலத் தோன்றும் தோரணங்கள் அக்ரூட் ஓடுகளால் ஆனவை. விதானக் கட்டில், அருகிலிருந்த காய்கறிச் சந்தையில் சரக்கு அடுக்கப் பயன்பட்ட மரச்சட்டங்களைக் கொண்டு செய்யப்பட்டது. மெழுகுவர்த்தி ஒளியில் இவற்றின் உண்மை எளிதில் புலப்படாது. அக்காலத்தில் வீட்டின் உட்புறம் அவ்வளவு ஒளியில்தான் காணப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். இங்கிலாந்தில் 1831 வரை மெழுகுவர்த்திக்கும் 1851 வரை சாளரங்களுக்கும் வரி இருந்தது. ஒளி என்பது கணக்குப் பார்த்துச் செலவிடும் பொருள். இன்றைய மின்னொளியில் அதே அறையைக் காட்டினால் பொருட்கள் உண்மையானவையாக இருந்தாலும் காட்சி பொய்யாகிவிடும்.

செவர்சுடன் இவ்வீட்டில் வாழ்ந்த சைமன் பெட்டெட் என்னும் மட்பாண்டக் கலைஞர், படுக்கையறைக் கணப்புக்கு நீலமும் வெள்ளையும் கலந்த டச்சு பாணி ஓடுகளைச் செய்தார். அவற்றில் காணப்படும் உருவங்கள் 18 ஆம் நூற்றாண்டு மனிதர் அல்லர். அப்போது ஸ்பிட்டல்பீல்ட்சில் வாழ்ந்த அண்டை வீட்டாரே. பெட்டெட் 1993 இல், தமது 28 ஆம் வயதில் காலமானார்.

கற்பனைக் குடும்பம்

வீட்டிற்கு ஒரு குடும்பம் தேவை என்று கருதிய செவர்ஸ், ஜெர்விசு என்னும் இயூகனோ பட்டு நெசவாளர் குடும்பத்தைக் கற்பனையாகப் படைத்தார். ஜெர்வே என்னும் பிரெஞ்சுப் பெயர் ஆங்கில நாவில் ஜெர்விசு ஆனதாக அவர் கதை அமைத்தார். குடும்பத்தின் தலைமுறைகள் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இவ்வீட்டில் வாழ்வதாகக் கொள்ளப்படுகிறது. எனவே ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் செல்பவர் சில பத்தாண்டுகளைக் கடந்துவிடுகிறார்.

இக்குடும்பத்தினரை எங்கும் காண முடியாது. நடிகர்களோ மெழுகுப் பொம்மைகளோ இல்லை. பக்கத்து அறையில் பேச்சுக் குரல், மாடிப்படியில் காலடி ஓசை, தெருவில் குதிரைக் குளம்பொலி, மணிக்கூண்டின் ஒலி ஆகியவை மறைவான ஒலிபெருக்கிகளிலிருந்து கேட்கும். பார்வையாளர் உள்ளே நுழைவதற்குச் சற்று முன் அவர்கள் வெளியேறியிருப்பார்கள்.

அறைகள்

நிலத்துக்குக் கீழுள்ள அடுக்களையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். மேசையில் பாதி வேலையில் விடப்பட்ட உணவுப் பொருட்கள் கிடக்கும். உணவறையில் நாற்காலியின் முதுகில் பொய்முடி ஒன்று தொங்குகிறது. புகைக்கும் அறை மிகவும் புகழ்பெற்றது. வில்லியம் ஓகார்த் வரைந்த நள்ளிரவுக் குடிக் கூட்டக் காட்சி ஒன்று சுவரில் உள்ளது. கவிழ்ந்த நாற்காலி, சிந்திய மது, களிமண் புகைக்குழாய்கள் என அவ்வோவியமே அறையாக அமைந்துள்ளது. ஓவியத்தில் இருந்தோர் எழுந்து சென்றபின் எஞ்சிய நிலை இது. அதற்கு மாறாக, வரவேற்பறையில் எல்லாம் இருபுறமும் ஒத்த அமைப்புடன் ஒழுங்காக உள்ளன.

படுக்கையறையில் கட்டில் கலைந்து கிடக்கிறது. சிறுநீர்க் கலம் பயன்படுத்திய நிலையிலேயே உள்ளது. பிற அருங்காட்சியகங்களில் இத்தகைய கலம் தூய்மையாகக் கழுவப்பட்டு, ஆண்டு குறிக்கப்பட்டு வைக்கப்படும். அங்கு அது ஒரு பீங்கான் பாண்டம் மட்டுமே. அன்றாட வாழ்க்கை என்பது பொருட்களில் அன்று, பொருட்கள் பயன்பட்டு அழுக்காவதில் உள்ளது என்பதே செவர்சின் கருத்து. இதனால் வீட்டில் மணமும் நாற்றமும் சேர்ந்தே உண்டு: விறகுப் புகை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, ஈரத் துணி. தேநீரும் பீங்கான் கோப்பையும் சீனாவிலிருந்தும், சர்க்கரை கரிபியத் தீவுகளில் அடிமைகளின் உழைப்பிலிருந்தும் இத்தகைய வீடுகளுக்கு வந்தன என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

கூரையடி அறைகளில் காட்சி முற்றிலும் மாறுகிறது. ஸ்பிட்டல்பீல்ட்ஸ் வீடுகளில் தறிக்கு மிகுந்த ஒளி தேவைப்பட்டதால் மேல்தளத்தில் அகன்ற சாளரங்கள் வைப்பது வழக்கம். செவர்ஸ் இவ்வறைகளை 19 ஆம் நூற்றாண்டில் பட்டுத் தொழில் நலிந்தபின் வாடகைக்கு இருந்த ஏழை நெசவாளர்களின் இருப்பிடமாக அமைத்தார். கரி படிந்த சுவர், ஒழுகும் கூரை, கொடியில் தொங்கும் கிழிந்த துணி ஆகியவற்றைத் தவிர அங்கு அதிகம் இல்லை. கீழே வரவேற்பறையில் கண்ட வளம் எதனால் வந்தது, எவரால் இழக்கப்பட்டது என்பதை ஓர் அட்டவணையை விட இவ்வறைகள் தெளிவாகச் சொல்கின்றன.

உண்மையும் புனைவும்

இவ்வில்லத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. குடும்பம் கற்பனை, பொருட்களுட் பல போலி, ஒரே வீட்டில் பல காலங்கள் கலந்துள்ளன. ஆவணப்படுத்தும் முறையும் இல்லை. எது பழையது, எது செவர்ஸ் செய்தது என்பதைப் பார்வையாளர் அறிய வழியில்லை. தொல்லியலாளர் பழைய வீடொன்றை மீண்டும் கட்டும்போது ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தைப் பதிவு செய்வர். தவறு எனத் தெரிந்தால் திருத்துவர். செவர்ஸ் அவ்வாறு செய்யவில்லை. ஆகவே 1750 இல் ஒரு நெசவாளர் வீட்டில் எத்தனை கரண்டிகள் இருந்தன என்று அறிய விரும்புபவர் இங்கு வருவதில் பயனில்லை. அதற்கு அக்கால உயில்களும் சொத்துப் பட்டியல்களும் உள்ளன.

ஆனால் அப்பட்டியல்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. கரண்டி பட்டியலில் இருக்கும்; உண்டு முடித்து அது வைக்கப்பட்ட கோணம் இராது. ஸ்பிட்டல்பீல்ட்சிலேயே வாழ்ந்த வரலாற்றாளர் ராபேல் சாமுவேல், தமது ‘நினைவின் அரங்குகள்’ (1994) என்னும் நூலில் இவ்வீட்டை எடுத்துப் பேசினார். கல்வித்துறைக்கு வெளியே கடந்தகாலத்தைக் கையாளும் இத்தகைய முயற்சிகளை ஏளனம் செய்யாமல் ஆராயவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஓவியர் டேவிட் ஓக்னி இவ்வில்லத்தை உலகின் மிகச் சிறந்த ஐந்து அனுபவங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டதாகக் கூறப்படுகிறது.

செவர்ஸ் தம்மை வரலாற்றாளர் என்று கூறிக்கொள்ளவில்லை. தம் வீட்டை ஓர் அசைவற்ற நாடகமாகவே கருதினார். ஒன்று காண்பீர்கள், அல்லது காணமாட்டீர்கள் என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரை வீட்டின் குறிக்கோளுரையாகக் கொண்டார். சிறு குழுக்களுக்கு அவரே வீட்டைச் சுற்றிக் காட்டினார். பொருட்களின் பெயரையும் விலையையும் கேட்டுக்கொண்டிருப்போரை அவர் விரும்பவில்லை. பொருந்தாதவர்களை வெளியே அனுப்பியதும் உண்டு.

செவர்சிற்குப் பின்

ஒருவர் வாழ்ந்துகொண்டே உருவாக்கிய வீடு அவர் இல்லாதபோது என்னவாகும் என்பது கடினமான கேள்வியாக இருந்தது. செவர்ஸ் 1999 டிசம்பர் 27 அன்று காலமானார். அதற்குச் சற்று முன்னர் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் அறக்கட்டளை வீட்டை வாங்கியிருந்தது. வீட்டைப் பற்றி அவர் எழுதிய நூல், பீட்டர் ஆக்ராய்டின் முன்னுரையுடன் 2001 இல் வெளிவந்தது.

அவருக்குப்பின் வழிகாட்டி இல்லாமல், பார்வையாளர்கள் பேசாமல் அறை அறையாகச் செல்லும் முறை நிலைபெற்றது. பேச்சில்லாத வீட்டில் கணப்பில் விறகு வெடிக்கும் ஓசையும் தெளிவாகக் கேட்கிறது. ஆயினும் கதை சொல்லும் குரல் இல்லாமையால் ஜெர்விசு குடும்பத்தைப் பலர் அறியாமலே திரும்பினர். பெருந்தொற்றுக் காலத்தில் மூடப்பட்ட வீடு 2021 இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, செவர்சின் பழைய ஒலிப்பதிவுகளையும் குறிப்புகளையும் கொண்டு அவரது சுற்றுலாவும் மீட்டெடுக்கப்பட்டது. இதில் நடிகர் ஒருவர் சிறு குழுவினரை அழைத்துச் செல்கிறார். 18 ஆம் நூற்றாண்டைத் தம் வீட்டில் மீளுருவாக்கிய மனிதரின் 1980களே இவ்வாறு மீளுருவாக்கத்திற்கு உரியதாயிற்று. பேசாமல் பார்வையிடும் முறையும் தொடர்ந்து நடைபெறுகிறது. பார்வையாளர் வருமுன் பணியாளர்கள் கணப்புகளை மூட்டி, மெழுகுவர்த்திகளை ஏற்றி, மேசையில் புதிய உணவை வைத்து, அதைப் பாதி உண்டதுபோல் கலைத்து வைக்கின்றனர்.