அட்டன்

பெயர்ச்சொல், நுவரெலியா மாவட்டத்து நகர். ‘ஹட்டன்’ என்று பலகையில் எழுதுவார்கள், பேச்சில் ‘அட்டன்’தான். ‘ஹ’வை உதிர்த்துத் தமிழ் நாக்கு செய்துகொண்ட வசதி இது. அட்டை நிறைந்த மலை என்பதால் வந்த பெயரோ என்று கேட்பவர்கள் உண்டு. கடிபட்டவர்களுக்கு நியாயமான சந்தேகம்தான், ஆனால் பொருந்தாது.

ஸ்கொட்லாந்தின் அபர்டீன்ஷயரில் குரூடன் பே அருகே இதே பெயரில் ஒரு கிராமம் உண்டு. பெயர் அங்கிருந்து வந்ததாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஊர் நினைவில் தோட்டங்களுக்குப் பெயரிடுவது துரைமாரின் வழக்கம். பக்கத்து ஸ்ட்ராத்டனும் அப்படி வந்ததே.

கோப்பித் தோட்டங்களுக்கென எழுந்த இக்கடைத்தெரு, 1869இல் தொடங்கிய இலைநோயில் கோப்பி அழிந்தபின் தேயிலையால் பிழைத்தது. நாவலப்பிட்டியில் பத்தாண்டு நின்றிருந்த ரயில் 1884இல் இங்கு ஏறி வந்தது. மறுவருடமே நானுஓயாவுக்குப் போய்விட்டது. 1888இல் துரைமார் இருவர் தொடங்கிய ஹட்டன் வங்கி, இன்று ஹட்டன் நஷனல் வங்கியாக இந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுபோயிருக்கிறது.

தோட்டத்து லயங்களில் ‘டவுனுக்குப் போறேன்’ என்றால் அட்டனுக்கு என்றே பொருள். சிவனொளிபாதமலைப் பருவத்தில் யாத்திரிகர்களும் இங்குதான் ரயிலிறங்கி மஸ்கெலியா பஸ்ஸைத் தேடுகிறார்கள்.