சாக்கெட் செட் வாங்கப் போறீங்களா? 12-ஆ 13-ஆ, கால் இன்ச்சா அரை இன்ச்சா... உங்க காருக்கு எது சரி?

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் இப்போது தெருவுக்குத் தெரு கார் நிற்கிறது. பேட்டரி மாற்றுவது, ஏர் ஃபில்டர் கழற்றித் தட்டிப் போடுவது, ஸ்டெப்னி மாட்டுவது போன்ற சின்ன வேலைக்கெல்லாம் மெக்கானிக்கைத் தேட வேண்டாம், நாமே பார்த்துக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் வாங்குவது ஒரு சாக்கெட் செட். மெக்கானிக் பாஷையில் 'பாக்ஸ்'.

ஆன்லைனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது 46 பீஸ் பெட்டி. விலை குறைவு, பார்க்கவும் அழகு. வாங்கியாச்சு. ஒருநாள் ராத்திரி பைபாஸில் டயர் பஞ்சர். பெட்டியைத் திறந்தால் வீல் நட்டுக்குப் பொருந்தும் சாக்கெட் ஒன்றுகூட இல்லை. காரணம், இந்த 46 பீஸ் செட் பெரும்பாலும் கால் இன்ச் டிரைவ். சாக்கெட் 4 எம்.எம்.மில் தொடங்கி 14 எம்.எம்.மோடு முடிந்துவிடும். வீல் நட்டோ 17, 19 அல்லது 21.

பீஸ் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவதால் வரும் சிக்கல் இது. பார்க்க வேண்டியவை வேறு இரண்டு எண்கள்.

ஒரு சாக்கெட்டுக்கு ரெண்டு அளவு

சாக்கெட்டின் ஒரு பக்கம் நட்டில் மாட்டும் அறுகோண வாய். அதன் அளவுதான் 10, 12, 19 என்று எம்.எம்.மில் பொறித்திருப்பது. மறுபக்கம் சதுர ஓட்டை. ராட்செட் கைப்பிடியின் சதுர முனை இதில்தான் நுழையும். இந்தச் சதுரத்தின் அளவுதான் 'டிரைவ்'.

வேடிக்கை என்னவென்றால், நட்டு எம்.எம்.முக்கு மாறி எத்தனையோ வருடமாகியும், டிரைவ் மட்டும் உலகம் முழுக்க இன்ச்சிலேயே நிற்கிறது. கால் இன்ச் (6.35 எம்.எம்.), 3/8 இன்ச் (9.5 எம்.எம்.), அரை இன்ச் (12.7 எம்.எம்.). லாரிக்கு முக்கால் இன்ச். கம்பி கட்டுபவர்கள் கணக்கில் சொன்னால் ரெண்டு நூல், மூணு நூல், நாலு நூல்.

சில பெட்டிகளில் 3/8 டிரைவை '10 எம்.எம். டிரைவ்' என்றும் அச்சடித்திருப்பார்கள். அதை 10 எம்.எம். சாக்கெட் என்று நினைத்து வாங்கி வந்துவிடக் கூடாது.

மாருதிக்கு 12, மஹிந்திராவுக்கு 13... ஏன்?

போல்ட்டின் தண்டு எத்தனை தடிமன் என்பது வேறு. அதன் தலை எத்தனை அகலம் என்பது வேறு. சாக்கெட் பிடிப்பது தலையை. 8 எம்.எம். தண்டுள்ள ஒரே போல்ட்டுக்கு ஜப்பான் வழக்கப்படி தலை 12 எம்.எம்.; ஐரோப்பிய வழக்கப்படி 13 எம்.எம். 10 எம்.எம். தண்டு என்றால் ஜப்பானில் 14, இப்போதைய சர்வதேச அளவில் 16, பழைய ஜெர்மன் அளவில் 17.

மாருதி 800 சுஸுகியின் கையைப் பிடித்துக்கொண்டு 1983 டிசம்பரில் நம் சாலைக்கு வந்தது. கூடவே 10, 12, 14, 17, 19 என்ற ஜப்பான் வரிசையும் வந்துவிட்டது. இன்றைக்கும் மாருதி, டொயோட்டா, ஹோண்டாவைத் திறந்தால் பெரும்பாலும் இதே வரிசைதான். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாயிலும் 10, 12, 14 நிறையவே இருக்கும். டாடா, மஹிந்திரா, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்று போனால் 13, 16, 18 தலைகாட்டும்.

அதற்கும் முந்தைய தலைமுறை வண்டிகளின் கதையே வேறு. சென்னை வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பிரிட்டிஷ் வழி வந்தது. அதன் போல்ட்டெல்லாம் இன்ச் கணக்கு. தாத்தா காலத்து டூல் பெட்டியில் 7/16, 1/2, 9/16 என்று எழுதிய ஸ்பேனர்கள் கிடந்தால் அவை அந்தக் கால வண்டிகளுக்கானவை. அரை இன்ச் வாய் என்பது 12.7 எம்.எம். 13 எம்.எம். நட்டில் அது ஏறாது, 12 எம்.எம். நட்டில் ஏறும், ஆனால் ஆடும்.

அந்த ஆட்டம்தான் ஆபத்து. 12 நட்டில் 13 சாக்கெட்டை மாட்டினால் 'சரியாத்தானே இருக்கு' என்றே கைக்குத் தோன்றும். அழுத்திய உடனே ஆறு முனையும் மழுங்கிவிடும். அதன்பின் சரியான சாக்கெட்டாலும் பிடிக்காது. வெல்டிங் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். 12-க்கும் 13-க்கும் சந்தேகம் வந்தால் எப்போதும் சின்னதை முதலில் மாட்டிப் பாருங்க. ஏறவில்லை என்றால் மட்டும் பெரிசு.

தலையில் இருக்கும் 8.8 என்ன?

போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்து 8 எம்.எம். சாக்கெட்டைத் தேடுபவர்கள் உண்டு. அது அளவல்ல, பலம். முதல் 8 என்பது இழுத்தால் அறுபடும் வலிமை, சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். புள்ளிக்குப் பின்னால் வரும் 8, அந்த வலிமையில் 80 சதவீதம் வரை போனாலும் போல்ட் நிரந்தரமாக நீளாது என்பதைச் சொல்கிறது. 10.9 என்றால் இன்னும் கெட்டி.

கள்ளிக்குப்பத்துக்காரர்களுக்கு இந்த போல்ட்டுகள் அந்நியமில்லை. பக்கத்திலேயே பாடி. சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1966-ல் போல்ட் உற்பத்தியைத் தொடங்கியது அங்கேதான். வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். எல்லாம் அதே பாடிதான். அந்த ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்த ஒருவர் தெருவில் இருந்தால் அவரிடம் கேளுங்க. 8.8 கழற்றிய இடத்தில் ஹார்டுவேர் கடையின் சாதா போல்ட்டைப் போட விடமாட்டார்.

டிரைவ் என்றால் பலம்

சாக்கெட் அளவை முடிவு செய்வது நட்டு. டிரைவ் அளவை முடிவு செய்வது அந்த நட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பது. இறுக்கத்தை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். 'டார்க்' என்பது இதுதான்.

சிறிய கார்களின் வீல் நட்டுக்குப் பொதுவாக 85 முதல் 130 நியூட்டன் மீட்டர் வரை டார்க் வேணும். 100 என்று வைத்துக்கொள்வோம். 25 செ.மீ. கைப்பிடி என்றால் அதன் நுனியில் சுமார் 40 கிலோ எடை அழுத்த வேண்டும். 50 செ.மீ. கைப்பிடி என்றால் 20 கிலோ போதும். இதுவே துருப்பிடித்த நட்டைக் கழற்றுவதற்கு என்றால் இன்னும் அதிகம் கேட்கும். கால் இன்ச் ராட்செட் இதைத் தாங்காது. உள்ளே இருக்கும் பல் உடையும், சதுர முனை முறுக்கிக்கொள்ளும், கை போய் மட்கார்டில் மோதும். இந்த வேலைக்கு அரை இன்ச்தான்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் அரை இன்ச் வாங்கிவிடலாமே? அங்கேயும் வம்பு இருக்கிறது. பேட்டரி கிளாம்ப், ஏர் ஃபில்டர் பெட்டி, என்ஜின் மேல்மூடி போன்ற இடங்களில் இருப்பது 6 எம்.எம். தண்டு, 10 எம்.எம். தலை. இதற்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும். 25 செ.மீ. அரை இன்ச் ராட்செட்டில் நாலு கிலோ அழுத்தினாலே அது வந்துவிடும். 'இன்னும் கொஞ்சம்' என்று ஒரு இழுப்பு இழுத்தால் போல்ட் முறியும், அல்லது அலுமினியத்தில் இருக்கும் மரை உரிந்து வெளியே வரும். வீட்டு வேலையில் நட்டு லூசாக இருந்து கெட்டதைவிட, பெரிய கைப்பிடியால் ஓவர் டைட் ஆகிக் கெட்டதே அதிகம்.

நடுவில் இருக்கும் 3/8 இன்ச் நம் ஊர்க் கடைகளில் அவ்வளவாகப் பேசப்படாதது. ஆனால் வீட்டில் கார் பார்ப்பவருக்கு அதிகம் உழைப்பது இதுதான். 10 முதல் 19 வரை பிடிக்கும். ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் பிளக், பிரேக் காலிப்பர் போல்ட் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

முனை 6-ஆ 12-ஆ?

சாக்கெட்டின் வாய்க்குள் எட்டிப் பாருங்க. ஆறு பக்கம் இருக்கலாம், நட்சத்திரம் போல 12 முனையும் இருக்கலாம். கடையில் வாங்கும் அரை இன்ச் செட்டுகளில் 12 முனைதான் அதிகம். இடுக்கான இடத்தில் சீக்கிரம் மாட்டலாம் என்பது அதன் வசதி. ஆனால் அது பிடிப்பது நட்டின் மூலையை மட்டும். ஆறு முனை சாக்கெட் பக்கவாட்டையும் சேர்த்துப் பிடிக்கும். துருப்பிடித்த, ஏற்கெனவே கொஞ்சம் மழுங்கிய நட்டுக்கு ஆறு முனையைத் தவிர வேறு எதையும் தொடாதீங்க.

பளபளக்கும் குரோம் சாக்கெட்டை மின்சார இம்பாக்ட் கன்னில் மாட்டுவதும் தவறு. அந்த அடியில் அது வெடித்துத் தெறிக்கலாம். இம்பாக்ட் கன்னுக்குத் தனியாகக் கறுப்பு நிறத்தில் தடித்த சாக்கெட் வரும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

கார் ஒன்றே ஒன்று, வேலையும் சின்னச் சின்ன வேலை என்றால் 100 பீஸ் பெட்டி தேவையில்லை. 3/8 டிரைவில் ஒரு ராட்செட், ஒரு நீள எக்ஸ்டென்ஷன், 8, 10, 12, 13, 14, 17 சாக்கெட்டுகள். அரை இன்ச்சில் உங்கள் வீல் நட்டுக்குப் பொருந்தும் ஒரே ஒரு ஆறு முனை டீப் சாக்கெட், கூடவே ஒரு நீளமான பிரேக்கர் பார். ராட்செட் இல்லாத வெறும் கம்பிதான் இந்த பார். இறுகிய நட்டை முதலில் அசைக்க இதுதான் சரி, ராட்செட் அல்ல.

வீல் நட்டு பெரும்பாலான மாருதிகளில் 19, ஹூண்டாயில் 21, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் 17. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் டிக்கியில் இருக்கும் வீல் ஸ்பேனரைக் கடைக்கு எடுத்துப்போய் அளவு பார்ப்பது நல்லது. ஸ்பார்க் பிளக்குக்குத் தனி சாக்கெட், 16 அல்லது 14. உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்கும். அரை இன்ச் பெட்டியில் வரும் 27, 30, 32 எல்லாம் ஆக்சில் நட்டு போன்ற பெரிய வேலைக்கு. அதை வீட்டு வாசலில் தொடாமல் இருப்பதே நல்லது.

காசு மிச்சம் இருந்தால் அதை டார்க் ரெஞ்சில் போடலாம். 'கிளிக்' என்று சத்தம் கேட்டதும் நிறுத்திவிட வேண்டும். பஞ்சர் கடையில் இம்பாக்ட் கன்னால் அடித்து இறுக்கிய நட்டுதான் நடுராத்திரியில் கழல மறுக்கும். டயர் மாற்றி வந்த பிறகு வீட்டில் ஒருமுறை லூசாக்கி, கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி வைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது.

மழைக்காலத்துக்கு முன்னால்...

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் தேங்கியது நினைவிருக்கும். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்தால், காரை நகர்த்த வழியில்லாதபோது முதலில் செய்ய வேண்டியது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவது. அதற்குத் தேவை பெரும்பாலும் ஒரு 10 எம்.எம். சாக்கெட். தொலைந்துபோவதும் அதுதான் என்று ஒர்க்‌ஷாப் பையன்கள் சிரிப்பார்கள். ரெண்டாக வாங்கி ஒன்றை டேஷ்போர்டிலேயே போட்டு வைக்கலாம்.

தண்ணீரில் நின்ற வண்டியின் வீல் நட்டுகளை வடிந்த பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்க. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கிரீஸ் தடவ வேண்டாம். கிரீஸ் போட்ட மரையில் அதே டார்க்குக்கு நட்டு அதிகமாக இறுகி, ஸ்டட் நீண்டுவிடும்.

எப்போதும் நட்டை லூசாக்குவது டயர் தரையில் இருக்கும்போதே. அதன் பிறகுதான் ஜாக். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்ட் வைத்த பிறகே. நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்துவிடுங்க.